விசா இல்லாமல் ஜெர்மனி போன அக்கா

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் சுகன்யாவைக் கூட்டிக்கொண்டு ரயிலில் ஜெர்மனிக்குப் போய் வந்தேன். அதிக தூரமில்லை. பெல்ஜியத்தின் கிழக்கு எல்லையைத் தாண்டியதும் வருகிற முதல் ஊரான ஆஹன். எல்லை நெருங்கியதும் பழக்க தோஷத்தில் பாஸ்போர்ட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். யாரும் வரவில்லை. ரயில் நின்றது, இறங்கினோம், காப்பி குடித்தோம், திரும்பி வந்தோம். இந்த மார்ச் மாதக் கடைசியிலிருந்து ஏழு நாடுகள் தங்களுக்குள் எல்லைச் சோதனையை நிறுத்திவிட்டன. பத்திரிகையில் படித்திருந்தேன். ஆனாலும் மடியில் பாஸ்போர்ட் இருக்க, கேட்க ஆளில்லாமல் போனது ஒரு மாதிரி இருந்தது. கல்யாண வீட்டில் மொய்க் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு வாங்குகிறவரைத் தேடுவதுபோல.

ஸ்டேஷனில் ஒரு கதவைக் காட்டி சுகன்யா கேட்டாள்.

"அப்பா, அத்தைய இங்கதானே புடிச்சு உக்கார வெச்சிருந்தாங்க?"

தமிழில் கேட்டாள். இரண்டு வருடத்துக்கு முன்பாக இருந்தால் டச்சில்தான் கேட்டிருப்பாள். அந்தக் கதவையும் அந்த நாளையும் பற்றி ஊர்க்காரர்கள் பலரும் பல விதமாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அக்காவுக்கு ஜெர்மன் போலீஸ் விலங்கு மாட்டியது என்றுகூடப் பீளமேட்டில் ஒரு பேச்சு இருக்கிறதாம். எனவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

2

நான் கெண்ட் என்ற ஊரில் இருக்கிறேன். பெல்ஜியத்தின் வடக்குப் பாதியில், டச்சு பேசுகிற பகுதி. கோயமுத்தூரில் ஒரு மில்லில் வேலை பார்த்தபோது, புதுத் தறி வாங்கிய இடத்தில் மூன்று மாதப் பயிற்சி என்று என்னை இங்கே அனுப்பினார்கள். அந்த மூன்று மாதம் பதினான்கு வருடமாகிவிட்டது. மனைவி வசந்தி இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். சுகன்யா இங்கேயே பிறந்தவள். அக்கா வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது.

என் அக்கா பெயர் தெய்வானை. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். கிணத்துக்கடவிலிருந்து கோயமுத்தூர் பீளமேட்டுக்குக் கட்டிக்கொடுத்தது. மாமா மில் வேலையை விட்ட பிறகு, கல்லூரிப் பிள்ளைகளுக்காக இருவரும் வீட்டோடு ஒரு மெஸ் ஆரம்பித்தார்கள். ஒரு வேளைக்கு நாற்பது பேர் சாப்பிடுவார்கள். பாதிப் பேர் கேரளத்துப் பிள்ளைகள், கொஞ்சம் ஆந்திரா. அவர்களோடு பேசிப் பேசியே அக்காவுக்கு மலையாளமும் தெலுங்கும் வந்துவிட்டன. இங்கிலீஷில் டோக்கன், எக்ஸ்ட்ரா, கட், ஃபுல் என்று ஓர் இருபது வார்த்தை. மொழி தெரியாத இடத்தில் பயப்பட வேண்டும் என்பது அக்காவுக்கு யாரும் சொல்லித்தராத ஒன்று.

1993இல், கல்லூரி விடுமுறையில் மெஸ் மூடியிருந்த சமயம், ஆறு வாரத்துக்கு அக்காவை இங்கே வரவழைத்தேன். மாமா விமானத்துக்குப் பயந்துகொண்டு வரவில்லை. அப்போது எல்லா நாட்டுக்கும் தனித்தனி விசா. பெல்ஜியம், ஹாலந்து, லக்சம்பர்க் மூன்றுக்கும் மட்டும் ஒரே விசா செல்லும். ஒரு தடவை உள்ளே வரலாம். வெளியே போய்விட்டால் மறுபடி வர முடியாது. ஜெர்மனிக்கு எனக்கே விசா வேண்டும். சம்பளச் சீட்டு, முதலாளி கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம், நான்கு போட்டோ, கடைசியில் கட்டாயம் திரும்பி வந்துவிடுவேன் என்று ஓர் உறுதிமொழி. எல்லையோரத்து ஆட்கள் சைக்கிளில் போய்ச் சாமான் வாங்கி வருகிற நாட்டுக்கு எனக்கு இத்தனை காகிதம்.

இதையெல்லாம் சொன்னபோது அக்கா ஒரே ஒரு கணக்குத்தான் போட்டாள். ஒரு விசாவுக்கு மூன்று நாடு உண்டென்றால் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். ஹாலந்துக்கு ஒரு நாள் காலையில் போய் மாலையில் திரும்பினோம். பொள்ளாச்சிக்குப் போய் வருகிற நேரத்தில் இங்கே ஒரு நாடே முடிந்து போகிறதே என்று ஆச்சரியப்பட்டாள். மிச்சமிருந்தது லக்சம்பர்க்.

3

ஜூன் மாதம், சனிக்கிழமை காலை. வசந்திக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. நானும் அக்காவும் சுகன்யாவும் கிளம்பினோம். பாஸ்போர்ட், டிக்கெட், பணம் எல்லாம் என் தோள்பையில். புளிச்சோறு, தயிர்ச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், வேகவைத்த முட்டை எல்லாம் அக்காவின் பையில். மூன்று பேர் போகிற பயணத்துக்கு ஆறு பேர் சாப்பாடு. நாற்பது பேருக்குச் சமைத்த கைக்கு மூன்று பேருக்கு அளவு தெரியவில்லை.

பெல்ஜியத்தில் ரயில் ஏறினால் ஒன்றைக் கவனிக்கலாம். கெண்டில் எல்லா அறிவிப்பும் டச்சில். பிரஸ்ஸல்ஸில் இரண்டு மொழி. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டச்சு நின்று போய் பிரெஞ்சு மட்டும். அதே டிக்கெட் பரிசோதகர்தான். ஆனால் மொழி எல்லையைத் தாண்டியதும் வேறு மொழியில் பேசுவார். கேரள எல்லையில் வாளையார் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடுவதை அக்கா ஞாபகப்படுத்தினாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை விரித்துக்கொண்டேன். போஸ்னியாவில் குண்டு விழுந்த செய்தியும், ஐரோப்பா ஒன்றாகப் போகிறது என்ற செய்தியும் அந்தக் காலத்தில் தினமும் ஒரே பக்கத்தில் வரும்.

சுகன்யா காதில் வாக்மேன். அக்கா வந்த மூன்று வாரத்தில் அவள் அத்தையிடம் பேசியது மொத்தம் ஐம்பது வார்த்தை இருக்காது. அக்கா தமிழில் கேட்பாள்; இவள் டச்சில் என்னிடம் பதில் சொல்லி, அதை அத்தைக்குச் சொல்லச் சொல்வாள். புரியாமல் இல்லை. வாயைத் திறக்கக் கூச்சம். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள் என்று பயம். ஊருக்குப் போனபோது உண்மையிலேயே சிரித்திருந்தார்கள்.

லியேஜ் ஸ்டேஷனில் ரயில் பத்து நிமிடம் நின்றது. எங்கள் பெட்டிக் கழிப்பறை பூட்டியிருந்ததால் அக்கா பின்பக்கப் பெட்டிக்கு நடந்து போனாள். சோற்றுப் பையையும் எடுத்துக்கொண்டாள். பையை வைத்துவிட்டுப் போகிற பழக்கம் அவளிடம் கிடையாது. ஒலிபெருக்கியில் பிரெஞ்சில் நீளமாக என்னவோ சொன்னார்கள். எனக்கு அந்த மொழி வராது. சுகன்யாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு உண்டு. ஆனால் காதில் பாட்டு. ரயில் கிளம்பியது.

கால் மணி நேரம் கழித்துத்தான் எழுந்து போய்ப் பார்த்தேன். பின்பக்கப் பெட்டி என்று ஒன்றே இல்லை. எங்கள் பெட்டிக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு, அதன் வழியாக ஓடுகிற தண்டவாளம், அவ்வளவுதான்.

4

பரிசோதகரிடம் ஓடினேன். என் டச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. என் இங்கிலீஷ் அவருக்குப் புரியவில்லை. சுகன்யா வாக்மேனைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து பிரெஞ்சில் பேசினாள். லியேஜில் ரயிலை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். முன்பாதி லக்சம்பர்க்குக்கு. பின்பாதி ஜெர்மனிக்கு. இதைத்தான் ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர் ரயிலுக்குக் காத்திருந்து, லியேஜுக்குத் திரும்புவதற்குள் பதினொன்றரை ஆகிவிட்டது. அங்கிருந்த அதிகாரி சில இடங்களுக்குப் போன் செய்தார். பிறகு முகம் மலர, கண்டுபிடித்தாயிற்று, எக்ஸ் லா ஷப்பேலில் இருக்கிறார் என்றார். ஜெர்மனி ரயிலில் போனவள் பிரான்சுக்கு எப்படிப் போனாள்? இடிந்துபோய் நின்ற என்னைப் பார்த்து சுகன்யா பொறுமையாகச் சொன்னாள். நாம் டச்சில் ஆக்கன் என்கிற ஊரைத்தான் இவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். ஜெர்மானியர்களுக்கு அதுவே ஆஹன். நாங்கள் நின்றுகொண்டிருந்த லியேஜுக்கும் அப்படியே மூன்று பெயர் உண்டு. இந்தக் கண்டத்தில் தொலைந்துபோக வேண்டுமென்றால் ஊர் மாற வேண்டியதில்லை, மொழி மாறினால் போதும்.

செய்தி என்னவென்றால், ரயிலில் ஏறிய ஜெர்மன் எல்லைக் காவலர்கள் கையில் டிக்கெட்டோ பாஸ்போர்ட்டோ இல்லாத ஓர் இந்தியப் பெண்மணியைப் பார்த்து, ஆஹனில் இறக்கி, தங்கள் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் தன் நிலைமையை நான்கு வார்த்தையில் விளக்கியிருக்கிறார்.

"பாஸ்போர்ட் பிரதர். ட்ரெயின் கட்."

இதைவிடச் சரியாக அந்த விஷயத்தை என்னாலும் சொல்லியிருக்க முடியாது.

5

எல்லைக்கு இந்தப் பக்கம் கடைசி ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்து அக்கா இருந்த இடம் இருபது நிமிடப் பயணம். ஆனால் எனக்கு ஜெர்மன் விசா இல்லை, போக முடியாது. அக்காவிடம் காகிதம் இல்லை; வர முடியாது. காகிதம் என் பையில் இருந்தது.

பெல்ஜியத்து எல்லை அதிகாரி என் வயதுக்காரர், மீசை வைத்தவர். பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது ஒரு தடவை மட்டும் நுழைகிற விசா என்றார். அக்கா வெளியே போய்விட்டாள். விதிப்படி மறுபடி உள்ளே விட முடியாது. ஜெர்மனியில் வைத்துக்கொள்ளவும் முடியாது. அங்கிருந்தே நேராக இந்தியாவுக்கு அனுப்பிவிடக்கூடும் என்றார். உடுத்தின சேலையும் சோற்றுப் பையுமாக அக்கா கோயமுத்தூரில் போய் இறங்குவதை நினைத்துப் பார்த்தேன். மாமாவுக்கு என்ன பதில் சொல்வது? இதுதான் அக்கா தன் வாழ்க்கையில் எடுத்துக்கொண்ட முதல் விடுமுறை.

நான் கெஞ்சினேன். அவர் பாஸ்போர்ட்டை மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பிறகு சுகன்யாவைப் பார்த்து மெதுவாக, அவள் எனக்கு மொழிபெயர்க்க வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வெளியேறியதாக இதில் முத்திரை இல்லை. ஜெர்மனியில் நுழைந்ததாகவும் முத்திரை இல்லை. எனவே காகிதப்படி இந்த அம்மா பெல்ஜியத்தை விட்டுப் போகவே இல்லை. போகாத ஒருவரை உள்ளே விடுவதா வேண்டாமா என்ற கேள்வியே எழாது. ஆஹன்காரர்கள் முத்திரை குத்தாமல் அனுப்பினால் சரி. தானே அவர்களிடம் பேசுவதாகவும் சொன்னார்.

அந்த மீசைக்காரருக்கு இன்றைக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

ஒரு மணி ரயிலின் பரிசோதகரிடம் பாஸ்போர்ட்டை உறையில் போட்டுக் கொடுத்தனுப்புவது என்று முடிவாயிற்று. முன்பின் தெரியாத ஒரு மனிதரின் கோட்டுப் பையில் அக்காவின் பாஸ்போர்ட் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு மணி ரயிலில் அக்கா வருவாள் என்றார்கள். ரயில் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அக்கா இல்லை.

பிளாட்பாரத்தின் அந்த முனைவரை ஓடிப் பார்த்தேன். அந்த நேரத்தில் அலுவலகத்தில் போன் அடித்திருக்கிறது. ஆஹனிலிருந்து ஒரு பெண் காவலர். பிரெஞ்சு தெரிந்தவர். இந்த அம்மா ரயிலில் ஏற மறுக்கிறார், காரணம் புரியவில்லை, அவர் மொழி தெரிந்தவர் பேச முடியுமா என்று கேட்டிருக்கிறார். அறையில் இருந்தது சுகன்யா மட்டும். ரிசீவரை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

நான் மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது அவள் கத்திப் பேசிக்கொண்டிருந்தாள். அவ்வளவு தமிழ் அவள் வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்து நான் கேட்டதில்லை.

"அத்தை, நீங்க ஏன் ஏறலை? அப்பா அழுவுது. அங்க உங்கள யாராச்சும் அடிச்சாங்களா?"

அந்தப் பக்கம் அக்கா பேசுவது வெளியிலேயே கேட்டது. போனில் பேசினால் தூரத்துக்குத் தகுந்தபடி சத்தம் போட வேண்டும் என்பது அவள் கட்சி.

"யாரும் ஒண்ணும் பண்ணலை அம்மணி. எங்கையில ஒரு கொழந்தை தூங்குது. அவங்கம்மாவ விசாரிக்கோணும்னு உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்க. அவ வெளிய வந்ததும் குடுத்துப்போட்டு வாரேன். அந்தப் போலீஸ்காரப் புள்ளகிட்ட நீயே சொல்லிப்போடு."

சுகன்யா ஒரு நொடி யோசித்தாள். பிறகு பிரெஞ்சில் சொன்னாள். தாய் வரும்வரை குழந்தையைக் கீழே விட மாட்டாராம். வந்ததும் கிளம்பிவிடுவாராம். பெண் காவலர் அங்கே யாரிடமோ கேட்டார். அப்புறம் சரி, நான்கு மணிக்கு இன்னொரு ரயில் இருக்கிறது என்று பதில் வந்தது.

6

நான்கு மணி ரயிலில் அக்கா இறங்கினாள். சோற்றுப் பை காலியாக மடங்கி அக்குளில் இருந்தது. எனக்கு வந்த கோபத்தில், நாங்கள் மூன்று மணி நேரமாக இங்கே செத்துப் பிழைத்தோம், நீ அங்கே குழந்தை பார்த்துக்கொண்டிருந்தாயா என்று கத்திவிட்டேன். சுகன்யா போய் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வரும் ரயிலில்தான் அக்கா சொன்னாள். காவலர் அறையில் இன்னொரு பெண் இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். கைக்குழந்தை, ஒரு துணி மூட்டை. அவளிடமும் காகிதம் இல்லை. யார், எந்த ஊர் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. பெண் காவலர் ஒரு தடவை போஸ்னியா என்று சொன்னாராம். அந்தப் பெயரை அக்கா சரியாக நினைவு வைத்துக்கொண்டு வந்து என்னிடம் கேட்டாள். காலையில் நான் படித்துவிட்டு இருக்கையில் வைத்த அதே பெயர்.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. குழந்தை அழுதது. அந்தப் பெண் எத்தனையோ நாள் தூங்காதவள்போல் இருந்தாள். அக்கா பையைத் திறந்து தயிர்ச்சோற்றை மூடியில் வைத்து நீட்டினாள். அவள் முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள். அப்புறம் எல்லாவற்றையும் சாப்பிட்டாள், புளிச்சோறு உட்பட. காரத்துக்குத் தண்ணீர் கேட்கவில்லை என்பதில் அக்காவுக்குப் பெருமை. பெண் காவலருக்கும் ஒரு முட்டை.

மோதிர விரலைக் காட்டி உன் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ கையைக் காட்டிவிட்டு, கையைத் தொங்கவிட்டுவிட்டாள். அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. பிறகு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் எழுந்து, அறையில் இருந்த எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, குழந்தையைக் கொண்டுவந்து அக்காவின் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

"போலீஸ் ரெண்டு பேரு இருந்தாங்க கண்ணு. அவங்ககிட்டக் குடுக்கலை. என்ற மடியில வெச்சுப்போட்டுப் போறா. அவங்க வந்து ரயிலுக்கு நேரமாச்சுன்னா நான் எப்படி ஏந்திரிக்கறது?"

அன்றைக்கு லக்சம்பர்க் பார்க்கவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. அக்கா கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமாவுக்குப் போன் செய்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போலீஸ் விஷயத்தை மட்டும் ஊருக்குள் சொல்ல வேண்டாம் என்று மாமா எங்களை எச்சரித்தார். மறுநாளே அவர்தான் சொல்லிவிட்டார் என்று பிற்பாடு தெரிந்தது.

மிச்சமிருந்த மூன்று வாரமும் வீட்டில் ஒரே பேச்சுச் சத்தம். சுகன்யாவின் தமிழில் உயர்திணையும் அஃறிணையும் ஒன்றுக்குள் ஒன்று புரளும். நான் திருத்தப் போனால் அக்கா என்னைத்தான் அதட்டுவாள். அந்தத் தமிழ்தானே ஜெர்மனி வரைக்கும் எட்டியது என்பாள்.

7

இப்போது அக்கா மறுபடி வருகிறாள். இந்தத் தடவை விசா விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: இதற்கு முன் எந்தெந்த நாடுகளுக்குப் போயிருக்கிறீர்கள்? போன வாரம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டாள். நான் தெளிவாகச் சொன்னேன். பெல்ஜியம், ஹாலந்து. இரண்டு போதும். ஜெர்மனி என்று எழுதினால் விசா எங்கே என்பார்கள். இல்லை என்றால் விண்ணப்பத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பாஸ்போர்ட்டிலும் முத்திரை கிடையாது. நீ அங்கே போகவே இல்லை என்று அதிகாரியே வாயால் சொல்லியாயிற்று.

அக்கா சரி என்றுதான் சொன்னாள். ஆனால் எழுதியது மூன்று நாடு.

நேற்று மாமா போனில் விவரம் சொன்னார். சென்னையில் விசா கவுன்டரில் இருந்தவர் ஒரு தமிழ் அம்மா. பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஜெர்மனிக்குப் போன மாதிரி இதில் ஒன்றுமே இல்லையே, தப்பாக எழுதிவிட்டீர்களா, அடித்துவிடட்டுமா என்று பேனாவை எடுத்திருக்கிறார். மாமா பக்கத்திலிருந்து, அடித்துவிடுங்கள் என்று சைகை செய்திருக்கிறார். அக்கா வேண்டாம் என்று தடுத்து, ரயில் பிரிந்ததிலிருந்து முழுக் கதையையும் சொல்லியிருக்கிறாள். பின்னால் வரிசை நின்றது. அந்த அம்மா பேனாவை மூடிவிட்டு, உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, பத்து நாளில் தபாலில் வரும் என்று சொல்லி அனுப்பினாராம். மூன்று நாட்டில் எதையும் அடிக்கவில்லை.

விசா கிடைக்கும் என்றுதான் மாமா சொல்கிறார். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ரிசீவரை அக்காவிடம் கொடுக்கச் சொல்லி, ஏன் இப்படிச் செய்தாய், இத்தனை சொல்லியும் கேட்கவில்லையே என்று கேட்டேன். பூத்தில் பின்னால் ஆள் காத்திருந்ததாலோ என்னவோ, நேற்று மட்டும் அவள் சத்தமில்லாமல் பேசினாள்.

"போகலைன்னு எழுதிக் குடுத்தா, அந்தப் புள்ளைய நான் தூக்கவே இல்லைன்னு ஆயிருமே கண்ணு."

இந்தப் பக்கம் இன்னொரு ரிசீவரில் கேட்டுக்கொண்டிருந்த சுகன்யா, அத்தை எழுதியது சரிதான் என்றாள். தமிழில்தான் சொன்னாள்.